ஏழு வருஷம் கடந்த கணக்கு

அஜின்,

இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை உன் ஓய்வூதியக் கணக்கை மூடாதே. படித்து முடித்தால் மூட மனம் வராது என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை உனக்கு விடுமுறை, அன்று மத்தியானம் உட்கார்ந்து விண்ணப்பத்தைப் போட்டுவிடுவதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய். அந்த ரசீதை அப்பா சாயங்காலமே சம்பந்திக்கு அனுப்ப வேண்டும். அதைப் பார்த்தபின், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உன் தங்கை பெனிலாவின் கலியாண ஓலை முதல் தடவையாக வாசிக்கப்படும். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம் செய்ய நிச்சயித்திருக்கிறது, தடை சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்று போதகர் மூன்று ஞாயிற்றுக்கிழமை கேட்பார். இதுவரை நம் சபையில் யாரும் எழுந்து எதுவும் சொன்னதில்லை. பெண்ணைப் பெற்றவளே எழுந்து நின்றால் என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அந்தச் சங்கடத்தை அவருக்குத் தர எனக்கும் விருப்பமில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொன்னேன். "மூடாதே" என்று ஒரு வார்த்தை அனுப்பினேன். நீ ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினாய். அது "சரி, மூடமாட்டேன்" என்பதா, "பார்த்துவிட்டேன்" என்பதா, "அம்மா, நீ தூங்கு" என்பதா என்று எனக்குத் தெரியவில்லை. நேரில் பேசினால் நீ "சரிம்மா" என்பாய். பத்தாம் வகுப்பு முதல் அந்த ஒரு சொல்லை வைத்தே என்னைச் சமாளித்து வந்திருக்கிறாய். கடிதத்துக்கு நடுவில் "சரிம்மா" சொல்ல முடியாது. இதை யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. நம் குலசேகரத்தில் இந்த விஷயம் தெரியாதவர்கள் இப்போது குறைவு. தெரிந்தவர்கள் சரியாகத் தெரிந்துகொள்ளட்டும்.

இது தொடங்கியது கிறிஸ்துமஸ் விடுமுறையில். நீ போனில் அந்தக் கணக்கைத் திறந்து எங்களுக்குக் காட்டினாய். பதினைந்து லட்சம். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எண்ணை இரண்டு தடவை பார்த்தார். நீ பெருமையாகக் காட்டினாய், அதில் தப்பில்லை. எட்டு வருஷமாக மாதாமாதம் போட்டு வந்திருக்கிறாய், அதில் ஒரு மாதம்கூட விடவில்லை என்றாய். நான் அன்று நல்லது என்கிற மாதிரி "கொள்ளாம்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். அந்தப் பணம் எப்படிப்பட்ட பணம் என்று நான் அப்பாவுக்கு அப்போதே விளக்கியிருக்க வேண்டும். இருபது வருஷம் ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் நின்று, எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போடணும், எதைப் பின் போடணும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், வீட்டில் சொல்லவில்லை.

அதன்பிறகு பிப்ரவரியில் பெனிலாவைப் பார்க்க வந்தார்கள். பையன் திருவனந்தபுரத்தில் கம்பெனி வேலை. பையனுக்கு அவளைப் பிடித்தது, அவளுக்கும் பிடித்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை, ஏனென்றால் இதுதான் எல்லாவற்றையும் கடினமாக்குகிறது. பையனின் அப்பா மார்த்தாண்டத்தில் டைல்ஸ் வியாபாரம். உட்கார்ந்ததும் சொன்னார். "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம் பாத்துக்கிடுங்க. உங்க பிள்ளைக்கு நீங்க என்ன செய்யியளோ அது உங்க இஷ்டம்." பிறகு, தன் மூத்த மகனுக்குப் பெண்வீட்டார் தங்கள் இஷ்டப்படி என்னென்ன செய்தார்கள் என்று வரிசையாகச் சொன்னார். காரின் நிறம்வரை சொன்னார். ஒன்றும் வேண்டாதவருக்கு இவ்வளவு ஞாபகசக்தி இருப்பதை நான் வியந்தேன்.

பெனிலாவுக்கு என்று நான் சேர்த்த நகை இருக்கிறது. அது போதாது என்று யாரும் சொல்லவில்லை. சற்று நேரம் எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அப்பாவால் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. உனக்குத் தெரியும், அவருக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர் ரப்பர். ரப்பர் ஷீட்டுக்கு விலை இருந்த காலத்தில் அவர் எழுந்து நின்று பேசியவர். இப்போது பால் வெட்டுகிறவருக்குக் கூலி கொடுத்தபின் மிஞ்சுவது ஒரு பெருமூச்சு. மகளுக்கு இருபத்தெட்டு வயது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"நம்ம பயலுக்க பேருல ஒரு தொகை கெடக்கு. பதினஞ்சு வரும்."

"எந்த பேங்குலயாக்கும்?" என்றார் சம்பந்தி.

"பேங்கு இல்ல. வயசான காலத்துக்கு உள்ள கணக்கு. மாசாமாசம் போட்டிட்டு வாறான். எட்டு வருஷம் ஆச்சு. ஏழு தாண்டினா வெட்டலாம்லா."

சம்பந்தியும் அந்தக் காலத்தில் ரப்பர் வைத்திருந்தவர். அவர் தலையை ஆட்டினார். அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அது நியாயமாகப் பட்டது. நம் பகுதியில் ஒரு ரப்பர் தை நட்டால் அந்தக் கன்றை ஏழு வருஷம் தொடுவதில்லை. ஏழாவது வருஷம் சுற்றளவு பார்த்து, பாலுக்குச் சிரட்டை கட்டி, வெட்டத் தொடங்குவார்கள். எல்லாப் பொருளும் ஏழு வருஷத்தில் பருவத்துக்கு வந்துவிடும் என்று நம் ஆட்களுக்கு எலும்புக்குள் ஓர் எண்ணம். வேறு ஊர்க்காரர்கள் இந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள், அவர்களுடைய தப்பு வேறு மாதிரி இருக்கும். அப்பா பொய் சொல்லவில்லை. உன் அறுபது வயது வரைக்குமான கணக்கை அவர் ரப்பர் தோட்டம் என்று நினைத்துவிட்டார். அன்று ராத்திரி உன்னைக் கூப்பிட்டுச் சொன்னார். நீ "அதுக்கென்ன அப்பா, க்ளோஸ் பண்ணி அனுப்பீருதேன்" என்றாய். நீ இன்ஜினீயரிங் படித்தவன். நீயும் விதியைப் படிக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எனவே நான் படித்தேன். எனக்கும் அப்படி ஒரு கணக்கு இருந்தது என்பது உனக்குத் தெரியும். எங்கள் ஆஸ்பத்திரியில் பென்ஷன் கிடையாது. நாற்பது கடந்த பிறகுதான் தொடங்கினேன், ஆனாலும் இப்போது மாதாமாதம் எனக்கென்று ஒரு தொகை வருகிறது. கேஸ் சிலிண்டரும் ரத்த அழுத்த மாத்திரையும் அதில்தான். அப்பாவிடம் கேட்காமல் ஒரு புத்தகம் வாங்குவதும் அதில்தான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். விதிகளை அவ்வப்போது மாற்றுவார்கள், ஆகவே நீயும் உட்கார்ந்து படித்துப் பார்.

இந்தக் கணக்கு உன் பெயரில் இருக்கிறது, உன் கம்பெனியின் பெயரில் இல்லை. நீ வேலை மாறினாலும் அதே எண் உன்னோடு வரும். நீ போடுவது ஒரு பங்கு, சில இடங்களில் கம்பெனி போடுவது இன்னொரு பங்கு. வரியில் கொஞ்சம் சலுகை தருகிறார்கள், அது உன்மேல் உள்ள பாசத்தால் அல்ல. கிழவர்கள் பிற்காலத்தில் அரசாங்கத்தின் வாசலில் வந்து நிற்கக்கூடாது என்ற முன்யோசனை. போட்ட பணம் பெட்டியில் தூங்குவதில்லை. ஒரு பகுதியைப் பங்குச் சந்தையில் போடுகிறார்கள், ஒரு பகுதியைக் கடன் பத்திரங்களில் போடுகிறார்கள். உனக்கு வயது ஏற ஏறச் சந்தையில் இருக்கும் பங்கை அதுவாகவே குறைத்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. சந்தை விழுந்தால் எண் குறையும், எழுந்தால் கூடும். யாரும் உத்தரவாதம் தருவதில்லை. அறுபது வயதில் ஒரு பகுதியை மொத்தமாகக் கையில் தருவார்கள். மீதியை ஒரு காப்பீட்டுக் கம்பெனியிடம் கொடுப்பார்கள், அந்தக் கம்பெனி நீ இருக்கும்வரை மாதாமாதம் பணம் தரும்.

நடுவில் எடுக்கவே முடியாதா என்றால், கொஞ்சம் எடுக்கலாம். நீ போட்டதில் கால் பங்குக்குள், அவர்கள் ஒப்புக்கொள்ளும் காரணங்களுக்கு மட்டும். பெரிய வியாதி, வீடு, பிள்ளைகளின் படிப்பு, பிள்ளைகளின் கலியாணம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நான் அதை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தேன். தங்கையின் கலியாணம் அதில் இல்லை. விதி எழுதியவருக்குத் தங்கையே இருந்திருக்காது, அல்லது நான்கைந்து தங்கைகள் இருந்திருப்பார்கள்.

இப்போது நீ செய்யப்போவதைப் பார்ப்போம். அறுபதுக்கு முன் மொத்தமாக மூடினால், கையில் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்கு. ஆம், நீ சரியாகத்தான் படித்தாய். பதினைந்தில் மூன்று லட்சம். மீதிப் பன்னிரண்டு லட்சம் காப்பீட்டுக் கம்பெனிக்குப் போகும், அவர்கள் உனக்கு இப்போதிருந்தே மாதம் ஆறாயிரமோ ஏழாயிரமோ அனுப்புவார்கள். நீ முப்பத்து மூன்று வயதில் பென்ஷன்காரன் ஆவாய். சம்பந்தி எதிர்பார்ப்பது பதினைந்து. உன் கையில் மூன்று. மிச்சத்துக்கு நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். சம்பளத்தைக் காட்டிக் கடன் வாங்குவாய், எங்களிடம் சொல்லமாட்டாய், கேட்டால் "சரிம்மா" என்பாய்.

அந்தப் பதினைந்தை நீ தொடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு எட்டு சதவீதம் வளர்ந்தால், ஒன்பது வருஷத்துக்கு ஒரு தடவை தொகை இரட்டிக்கும். அறுபதுக்கு உனக்கு இருபத்தேழு வருஷம் இருக்கிறது. பதினைந்து முப்பதாகும், முப்பது அறுபதாகும், அறுபது நூற்றிருபதாகும். இது நீ இனி ஒரு ரூபாய்கூடப் போடாவிட்டால். எட்டு என்பது நிச்சயம் இல்லை, அதற்குள் அரிசி விலையும் ஏறியிருக்கும், எல்லாம் சரி. ஆனாலும் பார். உன்னிடம் இவர்கள் கேட்பது பதினைந்து லட்சம் இல்லை. ஒரு கோடியே இருபது லட்சம். அதையும் உன்னிடம் கேட்கவில்லை, உடம்பு தளர்ந்து பஸ் படியில் கால் வைக்கத் திணறப்போகும் ஒரு கிழவனிடம் கேட்கிறார்கள். அவன் இன்னும் பிறக்கவில்லை, ஆகவே அவனால் தடை சொல்ல முடியாது. அவனுக்காக நான் சொல்கிறேன்.

அப்படி ஒரு கிழவனை உனக்குத் தெரியும். ராஜன் சித்தப்பாவைச் சொல்கிறேன், அப்பாவின் தம்பி. இளமை முழுவதையும் கல்ஃபில் கழித்தார். மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்தார், ஒவ்வொரு கலியாணமும் முந்தையதைவிடப் பெரிதாக. பிறகு அந்த மாடி வீட்டைக் கட்டினார். தேக்குக் கதவு, கிரானைட் படி, ஆறு அறைக்கும் ஏசி. தனக்கென்று மாதாமாதம் பத்து ரூபாய் வருகிற மாதிரி எதையும் செய்யவில்லை, ஏனென்றால் அவருக்குத் தெரிந்த யாரும் அப்படிச் செய்யவில்லை. திரும்பி வந்த அடுத்த வருஷம் நீ அங்கே போயிருந்தாய், உனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். மே மாசம். "சித்தப்பா, ஏசி ஓடாதா?" என்று கேட்டாய். "அதுக்கு சளி பிடிச்சிருக்கு மக்கா" என்றார். நாம் எல்லாரும் சிரித்தோம். கரண்டு பில்லுக்குப் பயந்து அவர் அதைப் போடுவதில்லை என்று எனக்குச் சித்தி சொன்னது வெகு நாள் கழித்து. இப்போது இரண்டு ஏசியை விற்றாகிவிட்டது. தங்கைகள் மூவரும் நன்றாக இருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் பண்டிகைக்குக் கேக் கொடுத்தனுப்புகிறார்கள். நல்ல கேக். ஆனால் பண்டிகை வருஷத்துக்கு ஒன்றுதான். அவர் போன மாதம் அப்பாவிடம் வந்து, மூட்டுவலி மருந்துக்கு என்று சொல்லி ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அப்பா கொடுத்துவிட்டு வெகுநேரம் முற்றத்தில் நின்றார். அப்படி நின்ற அதே மனிதர்தான் உன் கணக்கை மூடச் சொல்கிறார். மனிதர்கள் இப்படித்தான், மற்றவர் வீட்டுப் பள்ளம் மட்டும் நன்றாகத் தெரியும்.

இதை வெள்ளிக்கிழமை ராத்திரி தொடர்கிறேன். நேற்று இத்துடன் அனுப்பிவிட நினைத்தேன். அதற்குள் சம்பந்தி போன் செய்து, இன்று இந்தப் பக்கம் வருவதாகவும், சும்மா ஒரு எட்டு எட்டிப்பார்க்கப் போவதாகவும் சொன்னார். சும்மா வருகிறவர்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு, நல்ல வேட்டி கட்டிக்கொண்டு வரமாட்டார்கள்.

உட்கார்ந்தார்கள். மழையைப் பற்றிப் பேசினோம். பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் எவ்வளவு என்று பேசினோம். அது தீர்ந்ததும் சம்பந்தி கேட்டார். "பிள்ளைக்க ரசீது வந்துட்டா?"

"நாளைக்கு வரும்" என்றார் அப்பா.

"ரசீது வரும்" என்றேன் நான். "பைசா வராது."

அப்பா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. நான் உனக்கு மேலே எழுதியதை அவர்களுக்கும் சொன்னேன். ஏழு வருஷம் இல்லை, அறுபது வயது என்றேன். மூடினால் மூன்று லட்சம், மிச்சம் பன்னிரண்டு கம்பெனியில் போய் மாதாமாதம் வரும் என்றேன். சம்பந்தி காதைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக் கேட்டார். வியாபாரி, எண்ணைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"அப்போ கையில மூணுதானா?"

"மூணு. வேணுமெண்ணா அந்த மாசத் தொகைய உங்க மகனுக்கு அனுப்பச் சொல்லலாம். எனக்க மகன் இருக்கது வரைக்கும் வரும். அவன் நல்லா இருக்கணும்ணு நீங்களும் ஜெபிக்கலாம்."

"இதென்ன பேச்சு அக்கா" என்றார் சம்பந்தியம்மா. அவர் முகம் சுருங்கியது. நல்ல மனுஷிதான், கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை.

"லோன் எடுக்கப்படாதா?" என்றார் சம்பந்தி. "ஐடியில இருக்கப்பட்ட பயலுக்கு லோன் குடுக்க பேங்குக்காரன் கியூல நிப்பான்லா."

நான் வேறொன்று கேட்டேன். "உங்க மகனுக்கும் இதே மாதிரி கணக்கு உண்டுண்ணு பெனிலா சொன்னா. அவரு நம்ம பயல விட மூத்தவரு, கூடுதலாவே சேந்திருக்கும். எல்லாம் புதுக் குடித்தனத்துக்குத்தானே. அதுல கொஞ்சம் எடுத்தா என்ன?"

சம்பந்தியம்மா சட்டென்று சொன்னார், கணவர் பார்ப்பதற்கு முன்பே. "அய்யோ, அது அவனுக்கு வயசான காலத்துக்கு உள்ளதுல்லா."

பெனிலா அப்போது வாழைக்காய் வறுவல் தட்டோடு வாசலில் நின்றாள். உள்ளே வந்து தட்டை வைத்தாள். இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுகிற அதே குரலில் கேட்டாள். "அப்போ எங்க அண்ணனுக்கு வயசாகாதா மாமி?"

சம்பந்தியம்மா வறுவலைப் பார்த்தார். சம்பந்தி எழுந்தார். "நாங்க ஆலோசிச்சு சொல்லுயோம்" என்றார். கார் கதவு சாத்தும் சத்தத்தில் எனக்குப் பதில் தெரிந்துவிட்டது, பெனிலாவுக்கும் தெரிந்திருக்கும். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகு அப்பாவும் நானும். அதை முழுதாக எழுதினால் உனக்குக் கலியாணத்திலேயே ஆசை போய்விடும். "எனக்க மானத்த வாங்கிட்ட. நாலு பேரு முன்ன சொன்ன வாக்கு போச்சு" என்றார். "வாக்கு உங்களுக்கது. பைசா அவனுக்கது" என்றேன். "பொம்பளப் பிள்ளைய வீட்டுல வச்சிட்டுப் பேசுய பேச்சா இது? நாளைக்கு ஒருத்தன் வருவானா?" என்றார். வருவான் என்று உறுதியாக யார் சொல்ல முடியும்? நான் உன் முதுமையைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு உன் தங்கையின் வாழ்க்கையை உடைத்துவிட்டேனோ என்று இந்த நிமிஷமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவள் அந்தப் பையனை விரும்புகிறாள். இரண்டு மாதமாக மொட்டைமாடியில் நின்று போனில் பேசிச் சிரிக்கிற அவள் சிரிப்பு எனக்குக் கேட்டிருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே நான் துணி மடித்திருக்கிறேன்.

சாயங்காலம் அவன் கூப்பிட்டான். இந்தத் தடவை சிரிப்புச் சத்தம் இல்லை. அவள் இறங்கி வந்து என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"என்னட்டி சொன்னாரு?"

"அப்பாகிட்ட எதுத்துப் பேச முடியாதாம்."

"பிறகு?"

"அண்ணன லோன் எடுக்கச் சொல்லலாமாம். மெல்ல மெல்ல ரெண்டு பேருமா சேந்து அடச்சிரலாமாம்."

"அது கொள்ளாம். ரெண்டு பேருண்ணா, அவரும் அண்ணனுமா?"

"இல்ல. அண்ணனும் நானும்."

அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சொல்லி முடித்ததும் அவளுக்கே அந்தக் கணக்கு கேட்டது. அழுதாளா என்று கேட்காதே, அவள் இதைப் படிப்பாள். பிறகு, "எனக்க பேருலயும் ஒரு கணக்கு இருக்கு இல்லியா அம்மா, ஸ்கூல்ல சம்பளத்துல பிடிக்கது? கலியாணம் முடிஞ்சா அடுத்தது அதத்தான் கேப்பாங்க" என்றாள். அதன் பிறகு, "ஞாயிற்றுக்கிழமை எனக்க ஓலைய வாசிக்க வேண்டாம்" என்றாள். கதவுக்கு அந்தப்பக்கம் அப்பா நின்றுகொண்டிருந்தார். அது அவர் காதில் விழுந்தது. அப்படியே திரும்பிப் போய்விட்டார். சாப்பிடவும் வரவில்லை.

உனக்குச் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன், எது நடந்தாலும் இவை மாறாது. உன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை, நாளை நீ கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குச் சொல். அவளுடையதையும் கேள், அவளுக்கு அப்படி ஒன்று இல்லாவிட்டால் தொடங்கிக் கொடு. வேறு யாருக்கும் அந்த எண்ணைக் காட்டாதே, எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நம் ஊரில் ஒரு எண்ணை யாராவது பார்த்துவிட்டால் அதற்கு உடனே ஒரு வேலை கண்டுபிடித்துவிடுவார்கள். நீ சேர்ந்த புதிதில் வாரிசாக என் பெயரைப் போட்டிருப்பாய். கலியாணம் ஆனதும் அதைப் புதிதாக எழுதிக்கொடுக்க வேண்டும், மறக்காதே, எனக்கு வருத்தம் வராது. சந்தை விழும் நாட்களில் அதைத் திறந்து பார்க்காதே. உன்னிடம் யாராவது அந்தப் பணம் "சும்மா கெடக்கு" என்று சொன்னால் அது சும்மா கிடக்கவில்லை, வேலை செய்துகொண்டிருக்கிறது என்று சொல். தங்கைக்கு நீ ஒன்றும் செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. உன் சம்பளத்தில் இருந்து முடிந்ததைச் செய், சந்தோஷமாகச் செய், அவள் வாங்கிக்கொள்வாள். ஆனால் உன் எழுபது வயதை எடுத்துக் கொடுக்காதே. அது உன்னுடையது போலத் தோன்றும், உண்மையில் அது உன் பிள்ளைகளுடையது. நீ அவர்களிடம் ஆயிரம் ரூபாய் கேட்டு நிற்காமல் இருப்பதுதான் நீ அவர்களுக்கு விட்டுப்போகும் சொத்து.

சனிக்கிழமை. காலையில் நான் எழுந்தபோது அப்பாவின் ஸ்கூட்டர் இல்லை. தோட்டத்துக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். மழை பெய்திருந்தது, மழை நாளில் வெட்டு கிடையாது, தோட்டத்தில் அவருக்கு வேலை இல்லை என்பது பிறகுதான் தோன்றியது. பயந்துபோய் இரண்டு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பெனிலா கேட்டைத் திறந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சம்பந்தி வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்துவிட்டாரோ, தோட்டத்தை எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டாரோ என்றெல்லாம் எனக்கு ஓடியது. அவர் அப்படிச் செய்யக்கூடியவர்தான். மகளுக்காக எதையும் செய்யக்கூடியவர். பிரச்சினையே அதுதான்.

ஒன்பது மணிக்கு நனைந்துபோய் வந்தார். துண்டை வாங்கித் தலையைத் துவட்டினார். நாங்கள் இருவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"போதகர் வீட்டுக்குப் போனேன்" என்றார். "ஓலைய வாசிக்க வேண்டாம்ணு சொல்லிட்டேன். மார்த்தாண்டத்துக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

"போதகர் காரணம் கேக்கலியா?"

"கேட்டாரு. எங்களுக்கு எடம் பிடிக்கல்லண்ணு சொன்னேன்."

எங்களுக்கு என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் பெனிலா உள்ளே போய் அவருக்குப் பால் விடாத கட்டன்சாயா போட்டாள். மார்த்தாண்டத்தில் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை, அவர் முகத்தில் எழுதியிருந்தது. இனி கொஞ்ச காலம் ஊர் பேசும். நாளை ஆராதனையில் மற்றவர்களின் ஓலை வாசிக்கும்போது எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். பெனிலா பாடகர் குழுவில் நிற்பாள், எல்லாருக்கும் தெரிகிற இடம் அது. வரமாட்டாள் என்று நினைத்தேன், வருவேன் என்கிறாள். சேலையைக்கூட எடுத்து வைத்துவிட்டாள்.

இப்போது இந்தக் கடிதத்தைப் படமெடுத்து உனக்கு போனில் அனுப்பப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். என்ன எழுதியிருக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. ஸ்கூட்டர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, போகிற போக்கில், முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்.

"இந்த மாசத்துக்கு உள்ளத அவன் கணக்குல கட்டிட்டானாண்ணு கேளு."

கட்டிவிட்டாயா?

அம்மா